சேம அச்சு

மீமிசல் கடைத்தெரு முனையில் வண்டியை ஓரங்கட்டி ரெண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, ஐந்தாறு பையன்கள் சூழ்ந்துகொண்டார்கள். “அண்ணே, உள்ள யாருண்ணே? எந்த ஹீரோ?” என்றான் ஒருவன். தமிழ்நாட்டில் கேரவன் என்றால் ஒரே அர்த்தம்தான், ஷூட்டிங்கில் நடிகர்கள் ஏ.சி. போட்டு உட்காரும் வண்டி. “எங்கம்மாடா” என்றேன். நம்பாமல் எட்டிப் பார்த்தான். ஜன்னலோரம் அம்மா நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பையன்கள் ஏமாற்றத்தோடு கலைந்தார்கள்.

அந்த வண்டியை ஐந்து நாளுக்கு வாடகைக்கு எடுத்ததே அம்மாவுக்காகத்தான். அவளுக்கு அறுபத்து நான்கு வயது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பாத்ரூம் போயாக வேண்டும். இது பன்னிரண்டு வருஷமாக இருக்கிற தொந்தரவு. ஆனால் அதை ஒரு பிரச்சினையாக அவள் எங்களிடம் சொன்னதே இல்லை. சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அப்பாவை மட்டும் அனுப்பிவிட்டு, “எனக்கு பஸ்ஸு ஒத்துக்காது” என்பாள். நாங்களும் நம்பினோம். அப்பா போன பிறகு ஒருநாள், ராமேஸ்வரம் போய் அவருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யலாமா என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ரயில் டிக்கெட் இருக்கிறதே என்றேன். “ரயில்ல அத்தன பேரு முன்னாடி எத்தன தடவடா எந்திரிச்சுப் போறது” என்றாள்.

அப்படித்தான் ஒரு ஃபோர்ஸ் டிராவலர் வண்டியின் உள்ளே கட்டில், அடுப்பு, சின்னக் கழிவறை எல்லாம் வைத்த அந்த வாகனம் எங்களுக்கு வந்தது. நான், மனைவி, ஏழு வயது மகள், அம்மா. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிதானமாக இறங்கி ராமேஸ்வரம் போவது திட்டம். மூன்றாவது நாள் காலை மீமிசலில் நின்றோம்.

வீட்டோடு பயணம் போவது பற்றிய வீடியோக்களில் சூரிய உதயமும் காபிக் கோப்பையும்தான் இருக்கும். உண்மையில் அது ரெண்டு தொட்டிகளின் கதை. நல்ல தண்ணீர்த் தொட்டி காலியாகக் கூடாது. கழிவுத் தொட்டி நிரம்பக் கூடாது. இந்த ரெண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிற நேரம்தான் உங்கள் சுதந்திரம். எங்கள் கழிவுத் தொட்டி சூட்கேஸ் மாதிரி வெளியே இழுக்கக்கூடிய ஒரு பெட்டி. கொள்ளளவு 20 லிட்டர். ஒரு மணிக்கு ஒருதரம் போகிற ஆள் இருந்தால் அது எவ்வளவு சீக்கிரம் நிரம்பும் என்ற கணக்கை, என்ஜினியரிங் படித்த நான் போடத் தவறியிருந்தேன். முந்தின நாள் சாயங்காலமே சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது.

அன்றைக்கு என் போனில் இருந்த பட்டியல் இது: பெட்டியைக் காலி செய்ய ஓர் இடம். தண்ணீர். சின்ன கேஸ் சிலிண்டர். பின்சக்கரத்தில் கேட்கிற சத்தத்துக்கு ஒரு மெக்கானிக். அம்மாவின் மாத்திரை. துவைத்த துணியைக் காயப்போட வெயில். எல்லாம் முடிந்தால் மத்தியானத்துக்கு மேல் ஆவுடையார்கோயில்.

மாத்திரை கிடைத்தது. சிலிண்டர் பத்து நிமிஷத்தில் கிடைத்தது. மெக்கானிக் சக்கரத்தைச் சுற்றி நடந்து, காதை வைத்துக் கேட்டு, நட்டு ஒன்று தளர்ந்திருக்கிறது என்று முடுக்கிவிட்டு, “ஸ்டெப்னி இருக்கா? காத்து இருக்கான்னு பாத்தீங்களா?” என்றார். நான் பார்க்கவில்லை. அதில் காற்று இல்லை. அதையும் அடித்துக் கொடுத்தார்.

பெட்டிதான் போகவில்லை. பெட்ரோல் பங்க்கில் முடியாது என்றுவிட்டார்கள். கட்டணக் கழிப்பிடம் எங்கே என்று கேட்டால் எல்லாரும் திசையைக் காட்டினார்கள், இடத்தைக் காட்டவில்லை. “ராத்திரி இருட்டினதும் கருவக்காட்டுப் பக்கம் கொட்டிட்டுப் போயிடுங்க சார்” என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு சொன்னார். மகள் என்னைப் பார்த்தாள்.

பதினொரு மணி வாக்கில் அம்மா எழுந்து நிற்க முயன்று, மறுபடி உட்கார்ந்தாள். கண் இருட்டியது என்றாள். மனைவிதான் கேட்டாள், “அத்தை, காலைலேருந்து தண்ணி குடிச்சீங்களா?”

குடிக்கவில்லை. நேற்று சாயங்காலம் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்ததிலிருந்தே குடிக்கவில்லை. யாரும் சொல்லாமல் தானாகவே நிறுத்திவிட்டாள். இத்தனை பணம் கொடுத்து ஒரு வீட்டையே சக்கரத்தில் ஏற்றிக் கொண்டுவந்த பிறகும், பன்னிரண்டு வருஷமாகச் செய்ததையே அம்மா செய்துகொண்டிருந்தாள்.

எதிர்ச்சந்தில் ஒரு வீட்டு வாசலில் ஓர் அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கதவுக்கு மேலே 786 என்று எழுதியிருந்தது. மனைவி போய் ஏதோ பேசினாள். அந்த அம்மா கையைக்கூடக் கழுவாமல் எழுந்து வந்து, “வாங்கக்கா, வாங்க, பின்னாடி சுத்தமா இருக்கு” என்று அம்மாவின் தோளை முழங்கையால் அணைத்தபடி கூட்டிப்போனார். உள்ளே சோடா உப்புக் கலந்த எலுமிச்சைத் தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர், பிறகு பாயில் அரை மணி நேரம் படுக்கை. நான் வாசலிலேயே நின்றேன். “தம்பி, வண்டிக்குத் தண்ணி வேணும்னா பைப்பப் போட்டுக்கங்க. இது உப்புத் தண்ணி, குளிக்கத்தான் ஆகும். குடிக்கிறதுக்குக் குடத்துல இருக்கு” என்று உள்ளிருந்தே குரல் வந்தது.

பெட்டிக்கும் அவரே வழி சொன்னார். சற்றுத் தள்ளி இருந்த ஒரு கல்யாண மகாலின் வாட்ச்மேன் அவருக்குத் தெரிந்தவர். அவர் செப்டிக் டேங்கின் மூடியைத் திறந்துவிட்டு, நான் நீட்டிய நூறு ரூபாயைப் பார்த்தார். “ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் பேரு வர்றான். நீங்க நாலு பேரு. எதுக்கு இது?” என்றார்.

*

மத்தியானத்துக்கு மேல் ஆவுடையார்கோயில் போனோம். மீமிசலிலிருந்து அறந்தாங்கி சாலையில் ஏறக்குறைய 25 கிலோமீட்டர். பழைய பெயர் திருப்பெருந்துறை. கருவறையில் லிங்கம் இல்லை, ஆவுடையார் மட்டும்தான். எதிரே நந்தி இல்லை, கொடிமரமும் இல்லை. சுடச்சுட வடித்த புழுங்கலரிசிச் சோற்றைக் கல்மேடையில் கொட்டுகிறார்கள். அதன் ஆவிதான் சாமிக்கு நைவேத்தியம். மகள் அதைப் பார்த்துவிட்டு, “சாமிக்கு வாசனை மட்டும்தானா?” என்று கேட்டாள். பக்கத்திலிருந்த பெரியவர் ஒருவர் சிரித்தார்.

மண்டபத்துக் கொடுங்கைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றேன். கல்லை மரச்சட்டம் மாதிரி இழைத்து, குறுக்குக் கம்பிகளும் ஆணித் தலைகளும் தெரிகிற அளவுக்குச் செதுக்கியிருக்கிறார்கள். பழைய சிற்பிகள் ஒப்பந்தம் எழுதும்போது ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக’ என்று எழுதிக்கொள்வார்கள் என்பது அந்தப் பக்கத்து வழக்கு. அதைப்போல ஒன்றைச் செய்து தருகிறேன் என்று எவரும் வாக்குக் கொடுக்க மாட்டார்களாம்.

இந்தக் கோயிலின் கதையே ஒரு வெளிவேலைக் கதைதான். பாண்டியனின் அமைச்சர் வாதவூரர், கஜானாப் பணத்தோடு குதிரை வாங்கக் கிளம்புகிறார். கடல்வழி வந்து இறங்கும் குதிரைகள். போகிற வழியில் திருப்பெருந்துறையில் ஒரு குருவைப் பார்க்கிறார். வேலை மறந்துபோகிறது. பணம் கோயிலாகிறது. வாதவூரர் மாணிக்கவாசகர் ஆகிறார். நரி பரியானது, பிட்டுக்கு மண் சுமந்தது எல்லாம் அதற்குப் பிறகு. குதிரை வாங்கும் பகுதி மட்டும் புராணம் அல்ல. பாண்டிய நாட்டுக்கு வருஷா வருஷம் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்ததையும், லாடம் அடிக்கவும் பராமரிக்கவும் ஆள் இல்லாமல் அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போனதையும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். எவ்வளவு நல்ல வண்டி வாங்கினாலும் மெக்கானிக் இல்லாவிட்டால் இதுதான் கதி என்று மனைவியிடம் சொன்னேன். “உங்க ஸ்டெப்னி மாதிரி” என்றாள்.

அம்மா கோயில் பிரகாரத்தை மெதுவாக ஒரு சுற்று சுற்றினாள். வரும் வழியில் ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாகக் குடித்தாள். நான் அதை எண்ணிக்கொண்டிருந்தேன் என்பது அவளுக்குத் தெரியும்.

*

மீமிசலைப் பற்றி அன்று எனக்கு ஒன்றுமே தெரியாது. பட்டியலில் இருந்த ஆறு வேலைகளை முடிக்கக் கிடைத்த ஓர் ஊர், அவ்வளவுதான். சென்னை திரும்பி, வழக்கம்போல ராத்திரி பதினொரு மணிக்கு மேல் படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, நாங்கள் தற்செயலாக நின்ற இடம் தற்செயலானது அல்ல என்று.

தஞ்சாவூரிலிருந்து ராமேஸ்வரம் போகிற பழைய சேது யாத்திரைப் பாதையில், தஞ்சை மராட்டிய அரசர்கள் 18ஆம் நூற்றாண்டிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வரிசையாகச் சத்திரங்கள் கட்டினார்கள். அநேகமாக எல்லாவற்றுக்கும் அரண்மனைப் பெண்களின் பெயர்தான். நீடாமங்கலத்தில் யமுனாம்பாள். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள். மணமேல்குடியில் திரௌபதாம்பாள். மீமிசலில் ராஜகுமாராம்பாள். அங்கிருந்து தெற்கே தொண்டி, தேவிபட்டினம், ராமநாதபுரம். அந்தச் சீமையில் சேதுபதிகளும் சத்திரங்களை வைத்திருந்தார்கள்.

வரைபடத்தை விரித்து விரலை வைத்துப் பார்த்தால் ஒன்று புரியும். மணமேல்குடியிலிருந்து மீமிசல் சுமார் 20 கிலோமீட்டர். மீமிசலிலிருந்து தொண்டி சுமார் 25. கூண்டு வண்டியில் பூட்டிய மாடு மணிக்கு மூன்று கிலோமீட்டர் நடக்கும். வெயில் ஏறினால் அவிழ்த்துவிட வேண்டும். ஆக ஒரு நாளைக்கு அது போகக்கூடிய தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். மாட்டின் களைப்புதான் ஊர்களுக்கு இடையிலான தூரத்தை அளந்திருக்கிறது. துருக்கியில் செல்ஜூக் சுல்தான்கள் கட்டிய வழிவிடுதிகளையும் இதே கணக்கில்தான் வைத்தார்கள். அங்கே ஒட்டகம், இங்கே மாடு. அங்கே மூன்று நாள்வரை காசில்லாமல் தங்கலாம்.

இன்றைக்கு ஈ.சி.ஆரில் அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர்களுக்கு இந்த ஊர்ப்பெயர்கள் பச்சைப் பலகைகள். சேதுபாவாசத்திரம், ராஜாமடம், பாம்பனுக்கு அந்தப் பக்கம் அக்காள்மடம், தங்கச்சிமடம். சத்திரம், மடம், மண்டபம் என்று முடிகிற ஒவ்வொரு பெயரும், இங்கே ஒருவர் இறங்கி இளைப்பாறலாம் என்று ஒருகாலத்தில் எழுதிவைத்த அறிவிப்பு.

அந்தச் சத்திரங்களில் என்ன நடந்தது என்பதற்கு ஒரு நல்ல சாட்சி, இரண்டாம் சரபோஜி 1801இல் தஞ்சை ரெசிடென்ட் பெஞ்சமின் டோரினுக்கு எழுதிய கடிதம். அதன் சூழ்நிலை முக்கியம். 1799 ஒப்பந்தத்தில் நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. கோட்டையும் ஓய்வுத்தொகையும்தான் அரசருக்கு மிச்சம். சத்திரங்களுக்கு எழுதிவைத்திருந்த ஊர்களும் வருமானமும் என்ன ஆகும் என்பது கேள்வி. தன் நாட்டையே விட்டுக்கொடுத்த ஒரு மனிதர், சத்திரங்களில் மட்டும் கை வைக்காதீர்கள் என்று கேட்டு எழுதுகிறார்.

அந்தக் கடிதத்தைப் படித்த ராத்திரி நான் என் போனில் இருந்த பழைய பட்டியலைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

வருகிறவர்களுக்கெல்லாம் சோறு. சமைத்ததைச் சாப்பிடாதவர்களுக்கு அரிசியும் மளிகையும். சாப்பாடு நடுராத்திரிவரை நடக்கும். கடைசியில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூப்பிடுவார்கள். நோய்க்கும் வீக்கத்துக்கும் விஷக்கடிக்கும் வைத்தியர்கள். வழியில் நோய்ப்பட்டவருக்குக் குணமாகும்வரை மருந்தும் பத்தியச் சாப்பாடும். கைக்குழந்தைகளுக்குப் பால். பெற்றோரை இழந்த வழிப்போக்கர் பிள்ளைகள் வாத்தியாரின் பொறுப்பு. அவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு, நாலு நாளைக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல். பிள்ளைத்தாய்ச்சி சத்திரத்தில் பிரசவித்தால் செலவு சத்திரத்துடையது. பிறகு மூன்று மாதம் அவள் அங்கேயே இருக்கலாம். வழியில் செத்துப்போனால் அவரவர் வழக்கப்படி அடக்கம்.

ஒவ்வொரு சத்திரத்திலும் இதெல்லாம் உண்டு என்கிறார் சரபோஜி. கேட்டு வாங்க நினைப்பவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லியிருப்பார். அதில் பாதிதான் நிஜம் என்று வைத்துக்கொண்டாலும், என் பட்டியலில் இருந்த ஆறில் மூன்றுக்கு அங்கே நேரடியான பதில் இருந்திருக்கும். தண்ணீர், அடுப்பு, மருந்து. என் பட்டியலில் எழுதப்படாத ஏழாவதுக்கும் பதில் இருந்தது. உடம்பை வெளியே காட்ட முடியாமல் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு என்ன வழி என்பது அது. பிள்ளை பெற்றவளுக்கு மூன்று மாதம் என்று யோசித்தவர்களுக்குப் பெண் உடம்போடு பயணம் போவது என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது. முக்தாம்பாள் சத்திரமே சரபோஜியின் அன்புக்குரிய முக்தாம்பாளின் கடைசி ஆசையால் எழுந்தது என்பார்கள். சாலையோரச் சுமைதாங்கிக் கல்லும் இந்த வகைதான். கர்ப்பமாக இருக்கும்போதே இறந்த பெண்ணின் நினைவாக நடுவது. அவள் இறக்கி வைக்காத சுமையை வழிப்போக்கர்கள் இறக்கி வைத்துக்கொள்வார்கள்.

*

வீட்டோடு பயணம் என்பது அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1885இல் இங்கிலாந்தில் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற டாக்டர் ‘வாண்டரர்’ என்ற குதிரை வண்டி வீட்டைச் செய்யச்சொல்லி ஊர் சுற்றினார். 1910இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் பியர்ஸ் ஆரோ கம்பெனி, படுக்கையாக மாறும் இருக்கையும் கழுவுதொட்டியும் வைத்த காரைக் காட்சிக்கு வைத்தது. ழூல் வெர்ன் 1880இல் எழுதிய ஒரு நாவலில் நீராவி யானை ஒன்று சக்கர வீடுகளை இந்தியா முழுக்க இழுத்துப்போகும். எல்லாம் ஓய்வுக்குப் போகிறவர்களின் கதை.

நம்மிடம் இருக்கிற கதை அதைவிட ரொம்பப் பழசு. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் உமணர்களின் உப்பு வண்டியைக் காட்டுகிறார். கூரை வேய்ந்த வண்டி. அதில் கோழி அடைகிற கூடு இருக்கிறது. சின்ன உரல் ஒன்று தொங்குகிறது. கயிற்றால் இறுக்கிக் கட்டிய காடிப் பானை இருக்கிறது. கையில் குழந்தையோடு ஒரு பெண் மாட்டை ஓட்டுகிறாள். சமையலறை, சரக்கறை, கோழிக்கூடு, குழந்தை எல்லாம் ஒரே வண்டியில். சிறுபாணாற்றுப்படையில் உமணர்கள் கூடவே வந்த குரங்கு, அவர்கள் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆட்டி விளையாடும். இன்றும் மீமிசல் பக்கம் உப்பளம் இருக்கிறது. நாங்கள் வண்டியை நிறுத்தி ஸ்டெப்னிக்குக் காற்றடித்த இடத்திலிருந்து அது அதிகத் தூரமில்லை.

புறநானூற்றில் ஒளவையார் அதியமான் மகன் பொகுட்டெழினியைப் புகழ ஓர் உவமை தேடுகிறார். சிங்கம், மலை, கடல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, உமணர் வண்டியின் அடியில் குனிந்து பார்க்கிறார். அங்கே ஓர் உபரி அச்சு கட்டித் தொங்குகிறது. வழியில் பள்ளம் வரும், மேடு வரும், என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும் என்று யோசித்த உமணன் கட்டிவைத்தது. அதன் பெயர் சேம அச்சு. எதுவும் நடக்காதவரை அது வெறும் பாரம். அச்சு முறிகிற அன்றைக்கு மட்டும் அதுதான் வண்டி.

சத்திரம் என்பது அதுதான் என்று எனக்குப் படுகிறது. தனக்கு ஓர் அச்சைத் தானே கட்டிக்கொள்வது ஒரு வகை. ஏனுகுல வீராசாமி 1830இல் சென்னையிலிருந்து காசிக்குக் கிளம்பியபோது பல்லக்கு, கூடாரம், ஏறக்குறைய நூறு ஆட்கள் என்று எல்லாவற்றையும் கூடவே கொண்டுபோனார். அப்படிப் போனவரும் தன் தெலுங்கு நாட்குறிப்பில் ஊருக்கு ஊர் எழுதிவைத்தது, இங்கே கடை உண்டா, தண்ணீர் நல்லதா, இறங்க இடம் உண்டா என்பதைத்தான். பதினைந்து மாதப் பயணம் முழுக்க வெளிவேலைகளின் பட்டியல், நடுநடுவே கோயில். அத்தனை வசதியோடு போனவருக்கே அடுத்த ஊரின் கிணறு தேவைப்பட்டது. வசதியில்லாதவருக்கு, அவர் அச்சை வேறு யாரோ ஒருவர் முன்கூட்டியே கொண்டுபோய் 20 கிலோமீட்டருக்கு ஒன்றாக வைத்திருக்க வேண்டும். முகம் தெரியாத ஒருவருக்காகக் கட்டிவைத்த சேம அச்சு.

*

இங்கே நிறுத்திவிட்டால் அந்தக்காலம் பொற்காலம் என்று ஆகிவிடும். அப்படி இல்லை.

சரபோஜியின் கடிதம் எல்லாச் சாதியாருக்கும் சோறு என்கிறது. சொல்லும்போதே மேலிருந்து கீழாக ஓர் ஏணி வைத்துத்தான் சொல்கிறது. சோறு எல்லாருக்கும் உண்டு, பந்தி ஒன்றல்ல. 1904 வாக்கில் வீட்டை விட்டுக் காசிக்குப் போன இளைஞர் ஈ.வெ. ராமசாமி, பசியோடு ஓர் அன்னசத்திரத்துக்குப் போகிறார். பிராமணருக்கு மட்டும் என்று வெளியே தள்ளுகிறார்கள். அதைக் கட்டிவைத்தவரோ பிராமணரல்லாதவர். எச்சில் இலையில் மிச்சமிருந்ததைச் சாப்பிட்டுப் பசியாறிய அந்த நாளை அவர் வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. சத்திரத்தின் வாசல் யாருக்கு எவ்வளவு திறக்கும் என்பதை எழுதாமல் சத்திரத்தின் வரலாற்றை எழுத முடியாது.

இன்னொன்று, அந்த அரிசி எங்கிருந்து வந்தது என்பது. டெல்டாவின் நஞ்சை ஊர்களின் விளைச்சல் சத்திரங்களுக்கு எழுதிவைக்கப்பட்டிருந்தது. அந்த வயல்களில் இறங்கி நட்டு அறுத்தவர்கள் பண்ணையாட்கள், மண்ணோடு கட்டுண்டவர்கள். ராமேஸ்வரம் போகிறவருக்குச் சோறு விளைவித்த மனிதர் ராமேஸ்வரம் போயிருக்க வாய்ப்பே இல்லை. எத்தனையோ பேருக்குச் சேம அச்சாக இருந்தவருக்கு ஒரு வண்டியே இருந்ததில்லை.

1855இல் கடைசி அரசர் சிவாஜி ஆண்வாரிசு இல்லாமல் இறந்தார். தஞ்சை அரசு முடிந்தது. சத்திரங்கள் அரசாங்கத்தின் நிர்வாகத்துக்குப் போயின. பிறகு ரயில் வந்தது. 1902இல் மதுரையிலிருந்து மண்டபத்துக்கு ரயில் பாதை. 1914இல் பாம்பன் பாலம். மாட்டின் ஒரு நாள் நடை ரயிலுக்கு அரை மணி நேரம். யாத்திரைக்காரர்கள் மீமிசல் வழியாக வருவதை விட்டுவிட்டார்கள். சீர்திருத்தமோ கோபமோ சத்திரங்களை மூடவில்லை. பாதை இடம் மாறியது, அவ்வளவுதான்.

ரயில் ஒன்றைச் செய்தது. டிக்கெட் வாங்கிய எவரையும் ஒரே பெட்டியில் உட்காரவைத்தது. ஆனால் ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளில் பிராமணருக்குத் தனி இடம் 1941வரை இருந்தது. நீண்ட கிளர்ச்சிக்குப் பிறகுதான் அந்தப் பலகைகள் இறங்கின. இன்னொன்றையும் ரயில் செய்தது. தங்குவதை அது தேவையில்லாமல் ஆக்கியது. அதன் பிறகு நம் சாலைகளைப் போட்டவர்கள் எல்லாரும் வேகத்தைப் பற்றி யோசித்தார்கள். நிற்பதைப் பற்றி யோசிக்கவில்லை. நிற்பது தனியாருக்கு விடப்பட்டது. ஹோட்டல், பங்க், லாட்ஜ். காசு கொடுத்து ஏதாவது வாங்கினால்தான் பாத்ரூம் சாவி. ஆண்கள் சாலையோரம் ஒதுங்கிவிடுகிறார்கள். பெண்கள் தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறார்கள். என் அம்மாவைப் போல எத்தனை அம்மாக்கள் “எனக்கு பஸ்ஸு ஒத்துக்காது” என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்பதை எந்தப் போக்குவரத்துக் கணக்கும் எழுதிவைப்பதில்லை.

இப்போது கேரவன் சுற்றுலாவைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள். கேரளம் 2021இல் அதற்கென்று ஒரு கொள்கையே கொண்டுவந்தது. வண்டிகள் வரும், நன்றாகவே இருக்கும். ஆனால் வண்டி பாதி விஷயம்தான் என்பதை நான் 20 லிட்டர் பெட்டி ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு மீமிசல் கடைத்தெருவில் நடந்து தெரிந்துகொண்டேன். மீதிப் பாதி வழியில் இருக்கிறது. அதை வாடகைக்கு எடுக்க முடியாது.

*

மறுநாள் தொண்டி தாண்டி ராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தோம். அப்பாவுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தோம். அக்னி தீர்த்தக் கரையில் அம்மா கொஞ்சம் அழுதாள். பிறகு இளநீர் கேட்டாள். ரெண்டு குடித்தாள்.

சென்னையில் எங்கள் வீடு தனி வீடு. மாடிப்படிக்குக் கீழே வெளியிலிருந்து போகிற மாதிரி ஒரு கழிவறை உண்டு. அப்பா காலத்தில் கொத்தனார்களுக்காகக் கட்டியது. வீடு முடிந்ததும் பூட்டியது பூட்டியதுதான், சாவி சாமி அலமாரியில் தொங்கும். ராமேஸ்வரத்திலிருந்து திரும்பிய வாரத்தில் அம்மா ஆளைக் கூப்பிட்டு அதற்குப் புதுக் குழாயும் உள்தாழ்ப்பாளும் போட்டாள். சுண்ணாம்பு அடித்தாள். வெளிப்பூட்டைக் கழற்றிவிட்டாள். காலையில் தெருக் கூட்ட வருகிற பெண்களிடம் அவளே போய்ச் சொன்னாள். பார்சல் கொண்டுவருகிற பெண் ஒருத்தியிடமும் சொன்னாள். அந்தப் பெண் முதல்நாள் தயங்கினாள். இப்போது வாரத்தில் ரெண்டு தரமாவது வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வருகிறாள். போகும்போது அம்மா ஒரு சொம்பு தண்ணீர் நீட்டுகிறாள்.

“குடிம்மா, பயப்படாம குடி” என்கிறாள்.